பஞ்ச காலத்தில் அரசு விழா: 20 கோடி ரூபா சின்னத் தொகையா?

வவுனியா மதி கேட்டது:

2023 பெப்ரவரி 4ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த இலங்கையின் 75ஆவது சுதந்திர தின விழா பற்றித்தான் கேட்கிறேன். பழைய விஷயம்தான், ஆனால் எங்கள் வீட்டில் அந்த வாக்குவாதம் இன்னும் ஆறவில்லை.

நிலைமையை ஒரு தடவை நினைவுபடுத்துகிறேன். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 விழுக்காடு, விழா நடந்த மாதத்திலும் அது 50க்குக் கீழே இறங்கவில்லை. ஜனவரியில் சம்பள வரி கூடியது. அரசாங்கத்தின் உயர்நிலை அதிகாரிகளுக்குச் சம்பளத்தைச் சில நாள் பிந்திக் கொடுப்போம் என்று அமைச்சரவையே முடிவெடுத்தது. ஜனவரி 23இல் உயர்தரப் பரீட்சை தொடங்கியபோது பிள்ளைகள் மின்வெட்டுக்குள் இருந்துதான் படித்தார்கள், என் தம்பியும் அவர்களில் ஒருவன். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் பரீட்சை முடியும்வரை மின்சாரத்தை வெட்டமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

இதற்கு நடுவில்தான் விழாவுக்கு 200 மில்லியன், அதாவது 20 கோடி ரூபா. கொண்டாடாமல் விட்டால், சொந்தச் சுதந்திரத்தைக்கூடக் கொண்டாட முடியாத நாடு என்று உலகம் சொல்லும் என்பது ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அப்போது சொன்ன காரணம்.

என் மாமா அரசாங்கக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்வது இதுதான்: "20 கோடியை இரண்டு கோடியே இருபது லட்சம் சனத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு 9 ரூபா. அதற்கு ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்க முடியாது. நாட்டின் கடன் எவ்வளவு, இது எவ்வளவு? உங்களுக்கு வந்த கோபம் கணக்குப் பார்க்காமல் வந்த கோபம்." எனக்கு அவரை மடக்க வேண்டும் என்றில்லை. அவர் சொன்ன வகுத்தல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கோபம் போகவில்லை. அப்படியென்றால் நாங்கள் எதற்காகக் கோபப்பட்டோம்? தொகைக்காக இல்லையென்றால் வேறு எதற்காக? வேறு இடங்களில் இப்படி நடந்தபோது என்ன ஆனது, கஷ்ட காலத்தில் ஓர் அரசு கொண்டாடியது சரி என்று சொல்லக்கூடிய இடம் எதுவும் இருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசி எழுதியது:

தங்கச்சி, உங்கள் மாமாவின் கணக்கை நான் இன்னும் ஒரு படி கொண்டுபோகிறேன். அதே ஜனவரியில் குறைந்த வருமானம் உள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு மாதம் 10 கிலோ அரிசி வீதம் இரண்டு மாதம் இலவசமாகக் கொடுக்க அமைச்சரவை முடிவு செய்தது. விழாவை நிறுத்தி அந்த 20 கோடியையும் இந்தக் குடும்பங்களுக்கே பங்கு போட்டிருந்தால் ஒரு குடும்பத்துக்கு 100 ரூபா. அன்றைய விலையில் அரைக் கிலோ அரிசி. ஆகவே விழாவை நிறுத்தியிருந்தால் பசி தீர்ந்திருக்கும் என்று யாராவது சொன்னால் அது தவறு, அந்த அளவுக்கு உங்கள் மாமா சொல்வது சரி.

ஆனால் அந்த 20 கோடி எதன் கணக்கு என்று அவரிடம் கேளுங்கள், கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு இது கட்டாயம் தெரியும். விழா என்ற பெயரில் ஒதுக்கப்படும் பணம் வேறு, விழாவுக்காகச் செலவாகும் பணம் வேறு. மேடை, பந்தல், அலங்காரம், விருந்தினர் என்று ஒதுக்கீட்டில் எழுதப்படுபவை ஒரு பக்கம். போர்க் கப்பலும் விமானமும் ஹெலிகொப்டரும் குடிக்கும் எரிபொருள் படைகளின் சொந்தக் கணக்கில் போகும், பொலிஸாரின் மேலதிக வேலை பொலிஸ் கணக்கில் போகும், ஒத்திகைக்காக வீதியை மூடிய நாட்களில் கடைக்காரனும் முச்சக்கர வண்டிக்காரனும் இழந்தது யாருடைய கணக்கிலும் வராது. படையினரின் சம்பளம் விழா இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டியதுதான், அதை நான் சேர்க்கவில்லை. எரிபொருள் அப்படியில்லை. அந்த மாதம் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறையில் வாரத்துக்கு 4 லீட்டர்தான். வேலைக்குப் போய்வரும் தூரத்தைக் கணக்குப் பார்த்து, பிள்ளையை வகுப்பில் விடுவதா வேண்டாமா என்று யோசித்த ஆட்களுக்கு மேலேதான் அந்த விமானங்கள் பறந்தன.

சரி, இதையெல்லாம் கூட்டினாலும் கடனுக்கு முன்னால் சின்னத் தொகைதான். நான் கோபப்பட்ட இடம் வேறு. அதே பெப்ரவரியில் இன்னொரு விஷயத்துக்கு அரசாங்கம் பணம் இல்லை என்று சொன்னது. மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடக்க வேண்டும். தேர்தல் ஆணைக்குழு திகதி குறித்துவிட்டது, வேட்பு மனுக்களும் ஏற்கப்பட்டுவிட்டன, செலவு சுமார் 1,000 கோடி ரூபா என்று மதிப்பிட்டிருந்தார்கள். திறைசேரி பணத்தை விடவில்லை. வாக்குச் சீட்டு அச்சடிக்கக் காசில்லை என்ற நிலைக்கு வந்து தேர்தல் தள்ளிப்போனது. ஜனவரியில் வேட்பாளர்களின் கட்டுப்பணம் ஏற்க வேண்டாம் என்று மாவட்டச் செயலாளர்களுக்குக் கடிதம் அனுப்பி, எதிர்ப்பு வந்ததும் அதைத் திரும்பப் பெற்றது பொதுநிர்வாக அமைச்சு. சுதந்திர தின விழாவை ஒழுங்குபடுத்தியதும் அதே பொதுநிர்வாக அமைச்சுதான்.

இப்போது மாமாவிடம் சொல்லுங்கள்: 20 கோடி 1,000 கோடிக்கு ஈடாகாது, அது எனக்கும் தெரியும். பணம் இல்லை என்ற பதில் யாருக்குச் சொல்லப்பட்டது, யாருக்குச் சொல்லப்படவில்லை என்பதைத்தான் சனம் பார்த்தது. வாக்குப் போட வந்தவனுக்குப் பணம் இல்லை. மேடையில் நின்று மரியாதை வாங்குபவருக்கு இருந்தது. இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை, 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. நிதியமைச்சராகவும் இருந்த ஜனாதிபதியின் பொறுப்பையும் அந்தத் தீர்ப்பு சொன்னது. தேர்தல் கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது.

பழைய உத்தியோகத்தர் எழுதியது:

மேலே எழுதியவரின் தேர்தல் வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விழாவையே நடத்தியிருக்கக் கூடாது என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை, அதற்கான காரணத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அந்த நேரம் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் கடனுக்கு நாடு காத்திருந்தது. நிதியத்தின் சபை அதை அங்கீகரித்தது மார்ச் 20ஆம் திகதிதான். அதற்கு முன் கடன் கொடுத்த நாடுகளிடம் ஒவ்வொன்றாக உறுதி வாங்க வேண்டியிருந்தது. பக்கத்து நாடுகளின் அமைச்சர்கள் அந்த விழாவுக்கு வந்தார்கள், பொதுநலவாய அமைப்பின் செயலாளர் நாயகம் வந்தார். இப்படி வருபவர்கள் விழாவுக்கு மட்டும் வருவதில்லை, பக்கத்து அறையில் பேச்சும் நடக்கும். முந்தைய வருடம் ஜூலையில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த காட்சிதான் உலகம் கடைசியாக இலங்கையைப் பற்றிப் பார்த்த படம். அரசு என்று ஒன்று இயங்குகிறது என்று காட்டுவதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது, அதை ரூபாவில் எழுத முடியாது.

கஷ்டத்தில் கொண்டாடியது சரியாகப் போன இடம் உண்டா என்று தங்கை கேட்டிருக்கிறார். உண்டு. 1951இல் பிரிட்டனில் ஒரு தேசிய விழா எடுத்தார்கள். போர் முடிந்து ஆறு வருடம், இறைச்சிக்கு இன்னும் பங்கீட்டு அட்டை (அது 1954 வரை இருந்தது), லண்டனில் குண்டு விழுந்த இடங்கள் பல அப்படியே கிடந்தன. பணத்தை வீணாக்குகிறார்கள் என்று எதிர்க்கட்சியும் பத்திரிகைகளும் திட்டின. ஆனால் தேம்ஸ் ஆற்றின் தென்கரைக்கு மட்டும் எண்பது லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள், வருடக்கணக்காகச் சாம்பல் நிறத்தையே பார்த்த சனத்துக்கு அது தேவைப்பட்டது. வயிற்றுக்கு மட்டும் கொடுத்தால் போதும், மனிதருக்கு வேறெதுவும் வேண்டாம் என்று நினைப்பதும் ஒரு வகையில் ஏழைகளைக் குறைத்துப் பார்ப்பதுதான்.

கொட்டாஞ்சேனை வாசி மறுபடியும் எழுதியது:

ஐயா, நல்ல உதாரணம் சொன்னீர்கள், ஆனால் அது உங்கள் பக்கத்துக்கு உதவுமா என்று பாருங்கள். 1951இல் அந்த ஆற்றங்கரையில் கட்டிய இசை மண்டபம் இன்றைக்கும் நிற்கிறது, சனம் இன்றைக்கும் அதற்குள் போய் வருகிறது. விழாவைப் பார்க்க வந்த எண்பது லட்சம் பேரும் தாங்களாக விரும்பி வந்தவர்கள். காலிமுகத்திடலில் என்ன மிஞ்சியது? 2022இல் அரசாங்கத்தை எதிர்த்து மூன்று மாதத்துக்கு மேல் சனம் கூடாரம் போட்டு இருந்த அதே திடலில், அந்தச் சனத்தை வெளியே நிறுத்திவிட்டு அழைப்பிதழ் உள்ளவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் நாள் இரவு மருதானையில் விழாவை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் கொண்டு கலைத்தார்கள். கர்தினால் மல்கம் ரஞ்சித் தலைமையிலான கத்தோலிக்கத் திருச்சபை இந்த வீண்செலவில் நாங்கள் பங்கெடுக்க மாட்டோம் என்று விலகியது. சனத்துக்கு உற்சாகம் கொடுக்க எடுத்த விழா என்றால் சனத்தைப் பார்த்து ஏன் அத்தனை பயம்?

வெளிநாட்டு விருந்தினர் பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு மண்டபத்தில் அவர்களை உட்காரவைத்து, கொடியேற்றி, ஒரு மணி நேரத்தில் முடித்திருந்தாலும் அந்தப் பேச்சுகள் நடந்திருக்கும்.

ஹட்டன் மலர் எழுதியது:

மதி அக்கா, வேறு இடங்களில் நடந்தபோது என்ன ஆனது என்று கேட்டீர்கள். எங்கள் ஆட்கள் இந்த மலைக்கு வந்த கதையே அதற்குள் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1876இல் மெட்ராஸ் மாகாணத்தில் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றைக்கும் கிழவிகள் சொல்வது அதைத்தான். சேலம், கோயம்புத்தூர், மதுரை, வட ஆற்காடு என்று ஊர் ஊராகச் சனம் விழுந்து செத்தது. தெற்கே இப்படி இருக்கும்போது வைஸ்ராய் லிட்டன் டில்லியில் ஒரு தர்பாருக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். 1877 ஜனவரி 1ஆம் திகதி விக்டோரியா ராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அங்கே அறிவித்தார்கள். ராஜாக்கள், நவாப்கள், அதிகாரிகள், அவர்களின் பரிவாரம், யானைகள், பல்லாயிரம் பேர் தங்கிய கூடார நகரம், நாள் கணக்கில் விருந்து.

அக்கா, இதில் எனக்குப் பொறுக்க முடியாதது அந்த விருந்து இல்லை. அதே ஜனவரியில் லிட்டன் அரசாங்கம் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைத் தெற்குக்கு அனுப்பியது. எதற்கு? பஞ்ச நிவாரணச் செலவைக் குறைப்பதற்கு. அவர் வந்து நிவாரண வேலை செய்யும் ஓர் ஆம்பிளைக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு, அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இது உயிரைக் கொல்லும் கூலி என்று விடாமல் எழுதினார், சில மாதம் கழித்துத்தான் கூலியைக் கூட்டினார்கள். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ. மொத்தமாக அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் என்பது சரித்திரக்காரர்களின் கணக்கு. அந்த நேரத்திலும் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியானது, சந்தையில் கை வைக்க மாட்டோம் என்பது லிட்டனின் கொள்கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே டெம்பிள் மூன்று வருடம் முன்னால் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து நிறையச் செலவு செய்தார், மிகக் குறைவானவர்களே செத்தார்கள். அதற்கு அவருக்குப் பாராட்டுக் கிடைக்கவில்லை, ஊதாரித்தனம் என்று திட்டுத்தான் கிடைத்தது. அந்தத் திட்டை வாங்கியவர்தான் தெற்கே வந்து ஒரு பவுண்டு போதும் என்றார். பசித்தவனுக்குக் கொடுத்தால் ஊதாரித்தனம், தர்பார் நடத்தினால் அரசாங்கத்தின் மரியாதை. நூற்றைம்பது வருடம் ஆகப்போகிறது, இந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை.

அந்தப் பஞ்சத்தில் உயிரோடு தப்பியவர்களில் பெருந்தொகையானவர்கள் கடல் தாண்டி இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியிலும் செத்து, மாத்தளைக்கு ஏறினார்கள். எங்கள் அப்பாவின் வழி அப்படி வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். பிறகு 1948இல் நாடு சுதந்திரம் வாங்கியது, அதே வருடம் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. ஆகவே 75 வருடம் என்று கொடியேற்றும்போது எங்களுக்கு அது வேறு ஒன்றின் 75 வருடமும்தான்.

2022, 2023இல் சாப்பாட்டுக் கஷ்டம் நாட்டிலேயே அதிகம் இருந்தது தோட்டங்களில் என்று உலக உணவுத் திட்டம் சொன்னது. அன்றைக்குக் கொழுந்து பறித்தால் நாட்கூலி 1,000 ரூபா, அதுவும் நிறை சரியாக இருந்தால். எங்களுக்கு ரொட்டிதான் சாப்பாடு, மா விலை பல மடங்கு ஏறியதும் காலையில் ரொட்டி, மத்தியானம் வெறும் தேத்தண்ணி என்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிய வீடுகள் இங்கே நிறைய. நாட்டுக்கு டொலர் கொண்டுவருகிற தேயிலையைப் பறிக்கிற கைகள் இவை. உங்கள் மாமா சொன்ன 9 ரூபாவை நான் இந்தக் கையில் வைத்துத்தான் பார்ப்பேன் அக்கா.

2023இல் மலையகத் தமிழர் முதன்முதலில் இங்கே வந்து 200 வருடம் ஆனது. யூலை கடைசியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் ஆட்கள் நடந்தார்கள். அதுவும் ஒரு நினைவு விழாதான். வழியில் இருந்த ஊர்க்காரர்கள் தண்ணி கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், சிங்கள ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் கூட வந்து நடந்தார்கள். கஷ்ட காலத்தில் சரியான விழா உண்டா என்றால் நான் அதைச் சொல்வேன்.

திருவாரூர் செந்தில் எழுதியது:

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். மலர் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் 2017ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய வருடம் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்து, காவிரியிலும் தண்ணீர் இல்லாமல், டெல்டாவில் சம்பா கருகியது. ஜனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசே அறிவித்தது. மார்ச்சில் எங்கள் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் போய் மண்டை ஓடுகளை வைத்து உட்கார்ந்தார்கள், அதை நாடே பார்த்தது. அதே வருடம் ஜூனிலிருந்து மாவட்டம் மாவட்டமாக எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழா. அரசு விழா, அரசுப் பணம், ஊர் முழுக்க வளைவுகள், பேனர்கள். கூட்டம் சேர்க்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், அதை சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. நவம்பரில் கோவையில் அந்த விழாவுக்காகச் சாலையில் கட்டிய வளைவு இருந்த இடத்தில் நடந்த விபத்தில் ஓர் இளைஞர் உயிர் போனது. எம்.ஜி.ஆர். மேல் எங்கள் வீட்டிலும் பெரிய மரியாதை உண்டு. சத்துணவுக்குப் பெயர் வாங்கிய ஒருவரின் நூற்றாண்டை, பயிர் கருகிய வருடத்தில், வளைவு கட்டி நடத்தினார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

கணக்கு வாதத்துக்கு வருகிறேன். அரசுப் பணம் என்று கேள்வி வந்தால் அடுத்த முறை கட்சிப் பணம் என்பார்கள். ஜிம்பாப்வேயில் ராபர்ட் முகாபேயின் பிறந்தநாள் விழாக்களில் இந்தப் பதில்தான் வந்தது. 2016 பெப்ரவரியில் அங்கே கடும் வறட்சி, அரசே பேரிடர் நிலை அறிவித்திருந்தது. அந்த மாதமே மாஸ்விங்கோவில் அவருடைய 92ஆவது பிறந்தநாள் விழா, மாஸ்விங்கோவோ வறட்சி மிக மோசமாக அடித்த மாகாணங்களில் ஒன்று. எட்டு லட்சம் டாலர் செலவு என்று செய்திகள் வந்தன. இது கட்சி இளைஞர்கள் திரட்டிய நன்கொடை, அரசுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றார்கள். ஆளும் கட்சி நன்கொடை கேட்டு வந்தால் எந்தக் கம்பெனி முடியாது என்று சொல்லும்? அதே பணத்தைப் பஞ்ச நிவாரணத்துக்கு என்று அந்த இளைஞர்கள் ஒருமுறையாவது வீடு வீடாகக் கேட்டார்களா? மதியின் மாமாவிடம் நான் கேட்க நினைப்பது இதுதான்: விழா என்றதும் எல்லாத் துறையும் ஒரே வாரத்தில் கோப்பை நகர்த்துகிறது, பயிர் இழப்பீடு என்றதும் அதே கோப்பு மாதக்கணக்கில் நிற்கிறது. கணக்குப் பிரிவில் இருந்தவர், இது ஏன் என்று அவருக்குத்தான் தெரியும்.

நல்லூரான் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கு கிழக்கில் எங்களில் பலர் பெப்ரவரி 4ஐக் கரிநாளாகத்தான் கடைப்பிடிக்கிறோம், அந்த 2023இலும் யாழ் பல்கலைக்கழக மாணவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்குப் பேரணி போனார்கள். ஆகவே விழாச் செலவு எங்களுக்கு இரண்டாவது விஷயம். முதல் விஷயம், 75ஆவது சுதந்திர தினத்துக்கு முன்னால் இனப்பிரச்சினைக்குத் தீர்வு காண்போம் என்று ஜனாதிபதி 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னது. சர்வகட்சிக் கூட்டம் கூட்டினார்கள், பேசினார்கள், திகதி வந்தது. பெப்ரவரி 8ஆம் திகதி பிக்குகள், மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் பிரதியை நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் வீதியில் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தத் திகதிக்கு இரண்டு வேலை குறித்திருந்தார்கள். பணம் செலவாகும் வேலை நேரத்துக்கு நடந்தது, ஒரு சதமும் செலவில்லாத வேலை நடக்கவில்லை.

வவுனியா மதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மலர் எழுதிய இடத்தில் அவர் ஒன்றும் பேசவில்லை. கோப்பு நகர்வது பற்றிச் செந்தில் அண்ணா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்: விழாவுக்குத் திகதி மாறாது, அன்றைக்கு ஒன்று குறைந்தால் மேலே இருப்பவர் கண்ணால் பார்ப்பார், அதனால் எல்லோரும் ஓடுவார்கள். நிவாரணம் பிந்தினால் பார்ப்பவர்கள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் நிற்கும் சனம் மட்டும்தான், அவர்களுக்காக எந்த அதிகாரியின் இடமாற்றமும் தடைபடாது. முப்பது வருடம் உள்ளே இருந்தவர் சொன்னது என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

செலவு பற்றி அவர் இன்னும் விடவில்லை. படைகளின் எரிபொருளும் மற்றதும் சேர்ந்த முழுத் தொகை யாரிடமும் இல்லை, இல்லாத கணக்கை வைத்து வாதாடாதே என்கிறார். அந்தத் தொகையைக் கேட்டு வாங்க முடியுமா? 2025இல் புதிய அரசாங்கம் கவச வாகனங்களை நிறுத்தி, படையினரையும் விமானங்களையும் குறைத்து நடத்தியது, அந்த வருடத்துக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.

கொட்டாஞ்சேனை வாசி எழுதியது:

முடியும் தங்கச்சி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் அதே இடத்தில் மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

விழாவுக்கு எவ்வளவு செலவானது என்று மட்டும் பொதுவாகக் கேட்காதீர்கள், அந்த 20 கோடியையே திருப்பி எழுதி அனுப்புவார்கள். பொதுநிர்வாக அமைச்சுக்கு ஒன்று, முப்படைகளுக்குத் தனித்தனியாக, பொலிஸுக்கு ஒன்று, கொழும்பு மாநகர சபைக்கு ஒன்று என்று பிரித்து அனுப்புங்கள். ஒத்திகை நாட்களையும் சேர்த்து எரிபொருள் எத்தனை லீட்டர், மேலதிக நேரக் கொடுப்பனவு எவ்வளவு, மேடைக்கும் அலங்காரத்துக்கும் விலைமனு கோரினார்களா, யாருக்குக் கொடுத்தார்கள் என்று 2022, 2023, 2025 மூன்று வருடத்துக்கும் கேளுங்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லிப் படைகள் மறுக்கப் பார்க்கும். எரிபொருளின் அளவை மட்டும் கேட்டால் மறுப்பது கஷ்டம், ஆட்கள் எண்ணிக்கையையும் ஆயுத விபரத்தையும் அந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். எந்த ஒதுக்கீட்டுத் தலைப்பின் கீழ் கேட்பது என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கும், கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். அனுப்ப முன் இங்கே ஒரு பிரதி போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.